முந்திக்கொண்ட இரங்கல்

பிஜய்கட், கொல்கத்தா
ஜனவரி 29

அன்புள்ள மிதுல்,

நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அதைச் சரிபார்க்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. நீயும் அந்த ஸ்வீடன் குளிரில் இருமல் குறைந்து சௌகரியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். உனக்கென்று புது ஈச்சவெல்லம் வாங்கி வைத்தாள், பார்சலில் போனால் கெட்டுவிடும் என்று சொல்லி நானே தின்றுகொண்டிருக்கிறேன், சர்க்கரை இருநூற்றுப் பத்து. புத்தகக் கண்காட்சி ஆரம்பித்துவிட்டது, சிறுபத்திரிகை மேசைகள் பக்கம் இந்த வருடம் நான் போகவில்லை, ஏன் என்று கீழே தெரியும். இதை மெசேஜில் அனுப்பாமல் காகிதத்தில் எழுதுகிறேன், தப்பாகத் தோன்றினால் கிழித்துப் போடலாம், யாரும் அதைப் படம் பிடித்து வைத்திருக்க மாட்டார்கள்.

உன் பல்கலைக்கழகத்தில் இணையத்துத் துக்கம் பற்றி நீ பேசிய பதிவைப் பார்த்தேன். நன்றாகப் பேசினாய், கை ஆட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். கிழக்கிந்திய நகரம் ஒன்றில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், உயிரோடு இருந்த நண்பருக்கு இரங்கல் எழுதிவிட்டார் என்று நீ சொன்னதும் அரங்கமே சிரித்தது. பெயரைச் சொல்லாமல் விட்டது ஆராய்ச்சி நெறியாம். அந்தப் பேராசிரியரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது எந்த நெறி என்று நான் கேட்கப் போவதில்லை, குடிசைவாசிகளின் அழுகையை வைத்து இரண்டு புத்தகம் போட்டுப் பதவி உயர்வு வாங்கியவன் நான், நீ என் பெண்தான் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பொய்ச் செய்தியால் அவர் ஏமாந்துபோனார் என்று சொன்னாயே, அது தவறு, அடுத்த முறை திருத்திப் பேசு. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியது நீ. ஆனாலும் நான் ஏமாறவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பரிதோஷும் நானும் இருபத்து மூன்று வயதில் 'முட்டுச்சந்து' பத்திரிகையை ஆரம்பித்தோம், முந்நூறு பிரதி, அதில் இருநூறு எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பெரிய பத்திரிகைகளில் எழுத மாட்டோம், பரிசு வாங்க மாட்டோம், யாரிடமும் கைதட்டல் கேட்க மாட்டோம் என்று முதல் இதழிலேயே போட்டோம். பரிதோஷ் அதைக் கடைசிவரை காப்பாற்றினான். நான் கல்லூரியில் மாற்றுப் பண்பாட்டைப் பாடமாக நடத்தினேன், பிறகு வலைப்பூ, பிறகு முகநூல், காலையில் பல் தேய்க்குமுன் எத்தனை இதயம் விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பேன். சந்தைக்கு எதிராக நாற்பது வருடம் பேசியவன் கடைசியில் சந்தையில் தட்டேந்தி உட்கார்ந்தேன்.

ஆகஸ்டில் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருபத்து மூன்று நாள். உன் அம்மா தினமும் மாலையில் ஆட்டோ பிடித்துப் போய் வந்தாள். எனக்கு ஆஸ்பத்திரி வாசனை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி வீட்டில் இருந்தேன். வாசனை இல்லை, பயம், அவன் இருக்கிற கோலத்தில் என்னையே பார்த்துவிடுவேனோ என்ற பயம். அங்கே அவன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான், நான் இங்கே அவனுக்கு இரங்கல் எழுதிக்கொண்டிருந்தேன். ஆமாம், முன்கூட்டியே எழுதினேன், நாலு தடவை திருத்தினேன். நம் ஆட்களில் ஒருவர் போனால் யார் முதலில் போடுகிறார் என்பது எங்களுக்குள் ஒரு பந்தயம் என்பது உனக்கே தெரியும். ஒருநாள் இளங்கவிஞன் ஒருவன் ஐசியூவில் எட்டிப் பார்த்திருக்கிறான், கட்டில் காலி, உடனே விடைபெற்றார் தோழர் என்று போட்டுவிட்டான். நீ அங்கிருந்து அதை எனக்கு அனுப்பினாய். ஏழு நிமிடத்தில் என் இரங்கல் ஏறிவிட்டது, தேதியை மட்டும்தான் நிரப்ப வேண்டியிருந்தது. செவ்வணக்கம் தோழா, கடைசி நாட்களில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று முடித்திருந்தேன். இரண்டாயிரம் இதயம். ஒரு போன் போட்டிருக்கலாம். அந்த நேரத்தில் உன் அம்மா அவன் கட்டிலருகில்தான் இருந்தாள்.

ஏழு மணிக்கு அவள் தூக்குச்சட்டியோடு வந்தாள், பரிதோஷை அன்று காலை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம், சிங்கி மீன் ரசத்தில் இரண்டு கரண்டி இறங்கியதாம், அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் போனைக் காட்டினேன். முழுவதும் படித்தாள். பிறகு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கை கழுவிட்டு சாப்பிட வாங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அழித்துவிட்டேன், அதற்குள் ஊர் முழுக்கப் படம் பிடித்து வைத்துக்கொண்டது. முந்திரிக்கொட்டைப் பேராசிரியர் என்று என் மாணவர்களே எழுதினார்கள், அதில் பாதிப் பேர் என்னைப் பார்த்துத் தாங்களும் இரங்கல் போட்டவர்கள். நீயும் ஒரு இரங்கல் போட்டிருந்தாய், நீ மட்டும் அதை அழிக்கவில்லை. உன் பரிதோஷ் காகுவின் தோளில் சின்ன வயதில் நீ உட்கார்ந்திருக்கும் படம் அழகான படம்தான், பக்கத்தில் நின்ற என்னை வெட்டாமல் போட்டிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

அவன் வீடு திரும்பியதும் அவன் மனைவி, உன் மாயா காக்கிமா, போன் செய்து, அவர் உங்களை வரச்சொல்கிறார் என்றாள். போனேன். "வாடா நிருபம், என் சாவுக்கு எத்தனை பேரு அழுதாங்க, படி" என்றான். வாரத்துக்கு ஒருநாள் போய், அழிக்குமுன் நான் எடுத்து வைத்திருந்த அந்த முந்நூற்றுச் சொச்சம் பின்னூட்டங்களையும் படித்துக் காட்டினேன். ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எழுதியிருந்தவனை, தன்னிடம் எடுத்துப்போன புத்தகங்களை முதலில் ஈடுசெய்யச் சொன்னான். சிரித்துச் சிரித்து இருமினான். ஒவ்வொரு முறையும் பரவாயில்லடா என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தேன், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நவம்பரில் எல்லாம் படித்து முடிந்தது. அப்போதுதான் அவன் விஷயத்துக்கு வந்தான். "எல்லாம் சரியா எழுதியிருக்க. ஒரு எடம்தான் இடிக்குது. கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன்னு போட்டியே, இந்தா, பிடி. மாயா, கடிகாரத்தப் பாரு, அஞ்சு நிமிஷம்."

பிடித்தேன். எலும்பும் தோலுமாக ஜில்லென்று இருந்தது. மாயா நிஜமாகவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முடிந்ததும் கையை உருவிக்கொண்டு, "போதும், இப்ப அந்த வரி நிக்கும்" என்றான். அந்தப் பரவாயில்லையை மட்டும் சொல்லவில்லை.

டிசம்பர் பதினெட்டாம் தேதி அவன் நிஜமாகவே போனான். அன்று மாற்றுப் பதிப்பகங்களின் எதிர்காலம் பற்றி இணையத்தில் ஒரு கருத்தரங்கு, நான்தான் தலைமை. போனை ஒலியடக்கி வைத்திருந்தேன். மாயா ஐந்து முறை கூப்பிட்டிருக்கிறாள், அவன் என்னைக் கேட்டானாம். நான் போய்ச் சேர்ந்தபோது வாயில் துளசி வைத்தாகிவிட்டது. சுடுகாட்டில் எங்களோடு சேர்த்துப் பதினொரு பேர். இரண்டாயிரம் பேரும் ஏற்கனவே அழுது முடித்துவிட்டார்களே, ஒரே ஆளுக்கு இரண்டு தடவை யார் அழுவார்கள்? முகநூலில் யாரோ ஒருவன் இந்தத் தடவை உறுதியான செய்தி என்று போட்டான், சிரிக்கும் முகங்கள் விழுந்தன. நான் எதுவும் எழுதவில்லை. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்ல வாக்கியங்களையெல்லாம் அவன் உயிரோடு இருக்கும்போதே செலவழித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து மாயா ஒரு உறையைக் கொடுத்தாள். மேலே 'நிருபம் போனபின் போட வேண்டியது' என்று அவன் கையெழுத்து. வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அதில் இருக்கும் என்று நினைத்தேன், ஒருநாள் முழுக்கப் பிரிக்கவில்லை. பிரித்தால் இரண்டே வரி. "என் நண்பன் நிருபம் காலமானான். கடைசி நேரத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். பரிதோஷ்." மன்னிப்பா, செருப்படியா என்று எழுபத்தொரு வயதுப் பேராசிரியனுக்குப் புரியவில்லை, உன் அரங்கத்தில் யாருக்காவது புரிந்தால் எழுதிக் கேள்.

அந்தக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். என் காலம் வரும்போது இதை மட்டும் போடு, ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே. உன் சொந்த வரி எதுவும் வேண்டாம். நீ வர முடியாது என்று எனக்குத் தெரியும், விடுப்பும் டிக்கெட்டும் யார் கையில் இருக்கிறது. வராவிட்டால் பாதகமில்லை, வந்ததாக எழுதாதே.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள். அவளுக்குக் கடவுள் உண்டு, அவள் ஆசி பலிக்கும். என்னிடம் இருப்பது ஆசை மட்டும்தான், நன்றாக இரு, கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள். மறந்துவிடாதே, அதைப் போடுமுன் அம்மாவுக்கு ஒரு போன் செய்து கேட்டுக்கொள். கட்டில் காலியாக இருப்பது மட்டும் போதாது.

உன் பாபா
நிருபம்