நீ வரைந்த கொக்கிப்புழு

மச்சான்,

இன்று பெட்டி அடிக்கிற இடத்தில் கறுப்பு மைத் தகரத்தைக் காலால் தட்டிக் கவிழ்த்துவிட்டேன். றொசல்ல ஸ்டேஷனுக்குப் போகிற தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்துப் பெயர் போடுகிற அதே மை. டர்பன்டைன் வாடை எழும்பியதும் எல்லாரும் என்னைத் திட்ட, நான் உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன். நீ இருந்திருந்தால் திட்டமாட்டாய். சிந்திய மை என்ன உருவத்தில் கிடக்கிறது என்று குனிந்து பார்த்திருப்பாய்.

நான் பலகைக்கு ஆணி அடிப்பேன். நீ அதன்மேல் எழுத்துப் போடுவாய். நான் கோணலாக அடித்ததை உன் கறுப்பு மை மறைத்துவிடும். "எழுத்தப் பாத்துத்தான்டா லண்டன்காரன் வாங்குறான், ஒன் ஆணியப் பாத்து இல்ல" என்பாய். சரிதான்.

வெள்ளைக்காரன் கொடி இறங்கிக் கொஞ்ச காலத்தில்தான் டிஸ்பென்சரி ஐயா உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார். லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் இரத்தம் குறைந்து வெளுத்துத் திரிந்த காலம். வயிற்றில் ஒட்டி இரத்தம் உறிஞ்சுகிற கொக்கிப்புழுவை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக வரைந்து தரவேண்டும், தன் தடித்த இங்கிலீஷ் புத்தகத்தில் இருப்பதைப் பார்த்து வரைந்தால் போதும் என்றார். வேலையிலிருந்து தப்பிக்க நானும் கூடவே வந்திருந்தேன்.

அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக அவர் ஒரு கதை சொன்னார். கிழக்குத் தீவுகளில் அழகான பறவைகளைப் பிடித்து, காலை வெட்டிவிட்டு, தோலை மட்டும் கப்பலில் சீமைக்கு அனுப்புவார்களாம். அங்கே இருந்தவர்கள் கண்டபடியே காலில்லாமல் வரைந்தார்கள். படத்தைப் பார்த்த படிப்பாளிகளில் சிலர், இந்தப் பறவை தரையிலேயே இறங்காது, சாகும்வரை பறந்துகொண்டே இருக்கும் என்று எழுதிவைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தார்களாம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. "அப்ப எனக்குப் பொஸ்தகம் வேணாங்க ஐயா. புழுவக் காட்டுங்க" என்றாய்.

அவர் புட்டியில் போட்டு வைத்திருந்த புழுவை எடுத்து நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்தார். ஒரு கண்ணைக் கண்ணாடியிலும் மறு கண்ணைத் தாளிலும் வைத்து, இரண்டையும் மூடாமல் வரைய நீ எப்படிப் பழகினாயோ தெரியவில்லை. நானும் ஒருதரம் பார்த்தேன். "புழுவுக்கு மயிர் இருக்குங்க" என்றேன். அது என் கண் இமை மயிர் என்று ஐயா சொன்னார். இன்னும் சிலதும் சொன்னார்.

படம் பிரமாதமாக வந்தது. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்துச் சுவரில் மாட்டினார்கள். கை நீளத்துக்கு ஒரு புழு, வளைந்த தலை, வாய்க்குள் வெட்டுகிற பல். பார்த்தவர்கள் மூச்சு விடவில்லை. ஆனால் மருந்து குடிக்கவும் ஒருவரும் போகவில்லை.

என் வீட்டுக்காரியும் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. முகம் ஊதி, உதடு வெளுத்து, சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாய்வரை நடந்தாலே மூச்சு வாங்கும். இன்னும் தள்ளிப்போட்டால் பிள்ளையின் நெஞ்சு தாங்காது என்று ஐயா என்னிடம் சொல்லியிருந்தார்.

"அந்தப் பாம்பு எம்புள்ள வயித்துல இருக்குன்னே வச்சுக்குவோம். மருந்த ஊத்துனா அதுக்குக் கோவம் வராதா? உள்ளுக்குள்ளயே கொத்திப்புடுமே" என்றாள் அவள். குடும்பத் தலைவன் என்ற முறையில் நான் அதட்டினேன். அதட்டிவிட்டு வெளியே போய், என் வயிற்றையும் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

உன்னிடம் வந்து சொன்னதும் தலையில் கை வைத்தாய். "பெருசா போட்டேன். நெசத்துல எம்புட்டுன்னு காட்டாம விட்டுட்டேனே மச்சான்."

ஞாயிற்றுக்கிழமை தாளும் பென்சிலும் அந்தப் புட்டியுமாக எங்கள் லயத்துக் காம்பராவுக்கு வந்தாய். பிள்ளையைப் பெட்டிமேல் உட்காரவைத்து, காலை நீட்டச் சொன்னாய். கூச்சத்தில் அவள் உதைக்க, கணுக்காலைப் பிடித்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். சப்பைக் கட்டைவிரல், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி கீறிய பழைய தழும்பு, விரல் இடுக்கில் அவள் சொறிந்து சொறிந்து சிவந்த புண் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி வரைந்தாய். புட்டியைத் தாளோடு ஒட்டவைத்து, புழுவை அதே அளவில் பக்கத்தில் போட்டாய். கிழிந்த நூல் துண்டு மாதிரி இருந்தது.

வீட்டுக்காரி பால் இல்லாத பிளேன்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இது எம்புள்ள காலு."

"ஆமா தங்கச்சி."

"இது என்னா, நூலு?"

"அதாம் புழு. பெரட்டுல இருக்கே, அது கண்ணாடியில தெரியிறது. இதுதான் நெசம். இதோட குஞ்சு கண்ணுக்கே தெரியாது. இந்தப் புண்ணு வழியாத்தான் ஏறியிருக்கு."

அவள் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு படத்தை, பிறகு பிள்ளையின் காலை. "இத்தினியூண்டுக்கா என்னைய இந்தப் பயம் பயமுறுத்துனீங்க?" என்று உன்னைத் திட்டினாள். மறுநாள் விடிந்ததும் என்னை எழுப்பாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய்விட்டாள்.

மருந்து குடித்த சில மாதங்களில் உதட்டுக்குச் சிவப்புத் திரும்பியது. கால் படத்தை ஐயா பெரிய புழுவுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். மூத்தவள், "எங்காலு பெரட்டுல இருக்கு" என்று லயமெல்லாம் சொல்லித் திரிந்தாள். அவளுக்குப் பின்னாலேயே மற்றத் தாய்மாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நன்றி என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நம் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த வார்த்தையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போன ஐப்பசி மழையில் உன் பாடையைத் தோளில் சுமந்து போனபோதும் வாய் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

போன வாரம் மூத்தவள் நோட்டன் பிரிட்ஜிலிருந்து தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அவனை மடியில் போட்டு, சப்பாத்தைக் கழற்றி, ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தேன்.

"வந்ததும் வராததுமா காலப் பாக்குறீங்களே அப்பா, மொகத்தப் பாக்க மாட்டீங்களா?"

முகத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

விரல் இடுக்கெல்லாம் சுத்தமாக இருந்தது, மச்சான்.