அப்பாவுக்கு எந்தப் படம்

9 ஜூன், திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிள்ளான் வீட்டு மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பதினாறாம் நாள் காரியம். வாங்க வேண்டியவை: வாழை இலை, சந்தனம், பெரிய ரோஜா மாலை, அம்மாவுக்கு முட்டித் தைலம், குப்பைப் பை.

எல்லாம் கிடைத்துவிடும். படம்தான் இல்லை. வெள்ளம் வந்த வருஷம் ஆல்பங்கள் ஊறி ஒட்டிப் போயின. மிச்சம் ஒரே ஒரு பாஸ்போர்ட் படம். அதில் அப்பா, படம் எடுத்தவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தப் போகிறவர் மாதிரி முறைக்கிறார். இதற்கா தினமும் விளக்கேற்றுவது?

தம்பி குமரன் சுபாங்கிலிருந்து ஃபோன். "அக்கா, அப்பா பட்டாளத்துல மேஜர். யூனிஃபார்ம்லதான் இருக்கணும். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடை இருக்கு. முகத்தைக் குடுத்தா போதும், உடுப்பு அவங்களே கம்ப்யூட்டர்ல போட்டுருவாங்க லா."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. பேசாவிட்டால் சம்மதம் என்று தம்பி நினைக்கிறான். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவனுக்கு இது புரியவில்லை.

10 ஜூன், செவ்வாய்

மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது. மழை இல்லை.

அப்பாவின் அலமாரியை ஒழித்தேன். காய்ந்துபோன ஷூ பாலிஷ். விசில். காக்கி கால்சட்டை, மடிப்பு இன்னும் கத்தி மாதிரி. ஞாயிறு சாயங்காலம் எங்கள் பள்ளி உடுப்பு, அம்மாவின் புடவை, எல்லாம் அவர்தான் இஸ்திரி போடுவார். யாரையும் தொடவிட மாட்டார். இஸ்திரி பட்டாளத்தில் கற்றது. பொறுமை, வாத்தியார் ஆன பிறகு கற்க வேண்டியது. அது அவ்வளவாக ஏறவில்லை.

சனிக்கிழமைகளில் கேரி தீவுக்குப் போவார். செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் கணக்குப் பாடம். திரும்பும்போது ஒரு பை நண்டு. சமைப்பதும் அவரே. அடுப்படி போர்க்களம், சுத்தம் செய்வது மட்டும் நாங்கள்.

நண்டு வாசனை நினைவுக்கு வந்ததும் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது மூக்கில் பூச்சி உருண்டை நெடி.

11 ஜூன், புதன்

பிரிக்ஃபீல்ட்ஸ். கார் நிறுத்த இடமில்லை. நாலு சுற்று, ஒரு சண்டை.

பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் பெருமையோடு திரையைத் திருப்பினார். "பாருங்க அக்கா, சும்மா கிராண்டா போட்டிருக்கேன்."

அப்பாவின் தலை. அதற்குக் கீழே ஒரு ஜெனரல். மார்பு கொள்ளாத பதக்கங்கள், தோளில் வாள் சின்னம், நட்சத்திரம்.

"எங்கப்பா மேஜர்ங்க."

"அந்த டிசைன் இல்ல அக்கா. பெரிய பதவிதானே, நல்லதுதானே?"

கோயில் திருவிழா அழைப்பிதழில் ஒருமுறை அப்பாவை 'கர்னல்' என்று அச்சடித்துவிட்டார்கள். அப்பா பேனாவோடு போய் உட்கார்ந்து, ஒவ்வோர் அழைப்பிதழிலும் அடித்து 'மேஜர்' என்று எழுதினார். கமிட்டி மொத்தத்தையும் எழுத வைத்தார். "நான் வாங்காதத நான் போடக்கூடாது." அந்த மனிதரை ஜெனரலாக்கிச் சாமி அறையில் மாட்டினால் ஆணியோடு இறங்கி வந்துவிடுவார்.

சிரித்தேன். சிரிப்பு அழுகையானது. கடைக்காரர் டிஷ்யூ கொடுத்தார், பாவம்.

தம்பிக்கு ஃபோன் போட்டேன்: "யாருக்குக்கா தெரியப் போகுது?" பட்டாளத்தில் அப்பாவின் கீழே வேலை பார்த்த சார்ஜன் அங்கிள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றேன். ஃபோனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். பதக்கத்தை அவள் பார்க்கவே இல்லை.

"யூனிஃபார்மே வேணாம் செல்வி. அதைப் போட்டாருன்னா கெளம்புறாருன்னு அர்த்தம். உன்னைப் பெத்தப்பகூட அவரு பார்டர்லதான் இருந்தாரு. வாத்தியாரா ஆனப்புறந்தான் வீட்டுல இருந்தாரு. அந்த ஆள் படம் எனக்கு வேணும்."

இத்தனை நாள் அவள் கேட்ட ஒன்றே ஒன்று. எங்கே போய்த் தேடுவேன்?

12 ஜூன், வியாழன்

மழை ஒருவழியாக. துணி நனைந்துவிட்டது.

அப்பாவின் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவைத்தேன். மத்தியானம் பண்டமாரானில் லோரி ஓட்டும் முருகையா ஒரு படம் அனுப்பினார். "அக்கா, ஸ்கூல் கேன்டீன் டே. ஆன்டி சட்டி நிறைய மீ கோரெங் கொண்டாந்த அன்னிக்கு எடுத்தது. சார் சிரிச்சு நாங்க பாத்தது அன்னிக்கு மட்டுந்தான்."

அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார், கடைவாய்ப் பல் தெரிய. பக்கத்தில் அம்மா, அவர் தோளில் ஒட்டிய சாக்கட்டித் தூளைத் தட்டிவிடுகிறாள். பதவிச் சின்னம் குத்தியிருந்த அதே தோள்.

அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

13 ஜூன், வெள்ளி

அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, படத்தை அனுப்பியதுதான் தாமதம். உடனே ஃபோன். "அண்ணியை வெட்டிருங்க. உசுரோட இருக்கிறவங்க படத்துக்கு மாலை போடக் கூடாது."

நியாயம். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவள்.

அம்மாவும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கூட வந்தாள். கடைக்காரர் அம்மாவின் முகத்தை வெட்டினார், புடவையை வெட்டினார். கை மட்டும் அப்பாவின் தோளில் தங்கிவிட்டது.

"இதையும் அழிச்சிரலாம் ஆன்டி, ரெண்டு நிமிசம்."

"வேணாம்பா."

"அம்மா, அத்தை..." என்றேன்.

"அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பையைத் தூக்கிக் குடுத்து அனுப்பி வெச்ச கை. இது ஒண்ணாவது கூட இருக்கட்டும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய சட்டங்களைப் பார்த்தேன்.

தேக்கு நிறச் சட்டம். நாளை கிடைக்கும்.

15 ஜூன், ஞாயிறு

லேசான தூறல், பிறகு வெயில். கூட்டம் நினைத்ததைவிட அதிகம். நாற்காலி போதவில்லை. சாம்பாரில் உப்பு தூக்கல், யாரும் சொல்லவில்லை.

சார்ஜன் அங்கிள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார், அப்பா பழக்கிய ஆள். படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "மேஜர் சிரிப்பாருன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றார். தம்பி அவர் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். யூனிஃபார்ம் பேச்சை எடுக்கவில்லை.

அத்தை படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மாலையை அவளே வாங்கிப் போட்டாள், இரண்டு பக்கமும் இழுத்துச் சரிசெய்தாள். ரோஜா சரியாக அந்தக் கையை மூடியது.

ஐயர் மந்திரம் தொடங்கினார். அம்மா எழுந்து போய் மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.