மலைக்குப் பட்டா இல்லை

கீழ்வேளூர்
12-2-1973

அம்மாவின் காலைத் தொட்டுச் சின்னாண்டி எழுதுவது. நான் சுகம். மலையைவிட்டு அடிவாரத்துக்குக் குடிபோன பின் உன் இருமல் தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. என்னோடு அறுவடைக்கு வரும் ராசம்மாள் அக்காவுக்கு, மிராசுதார் நிலத்தில் அவள் குடிசை இருக்கும் மனையைப் புதுச் சட்டப்படி பட்டா போட்டுக் கொடுத்தார்கள். "நீயும் வரிசையில நில்லு தம்பி" என்றாள். நின்றேன்.

"எத்தனை வருஷமா குடியிருக்க?" என்று தாசில்தார் கேட்டார்.

"பாட்டன் காலத்துலேர்ந்துங்க. கல்வராயன் மலையில."

எல்லாரும் சிரித்தார்கள். "அது ரிசர்வ் காடுப்பா. அங்க குடியிருந்ததே குத்தம்" என்றார். நானும் சிரித்துவைத்தேன். காட்டைக் காப்பதாகச் சொல்லி நம் குடிசையைப் பிரித்தவர்கள், அங்கிருந்த கடுக்காய் மரங்களை வெட்டிவிட்டுத் தைலமரம் நடுவதை நான் அவரிடம் சொல்லவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பட்டாவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்தாள்.

இங்கே எங்கு பார்த்தாலும் நெல். எனக்குச் சாமைச் சோறு வேண்டும்போல இருக்கிறது. யாராவது வந்தால் இரண்டு படி கொடுத்தனுப்பு. தேன் வேண்டாம், எடுக்கப் போனால் கேஸ் போடுவார்கள்.

மலையில் அப்பாவைப் புதைத்த இடத்தில் தைலமரக் கன்று நட அவர்கள் குழி வெட்ட வந்தால் சண்டை போடாதே. கொஞ்சம் தள்ளி நடச் சொல்லிக் கேட்டுப் பார்.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

உன் மகன்
சின்னாண்டி