கேட்காமலே அனுப்பிவைத்த அப்பாவுக்கு

அப்பா,

உங்கள் பீரோவை இன்று காலையில்தான் திறந்தேன். நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. அம்மா அதைத் தொடவே இல்லை. கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி முகத்தில் அடித்தது. மடித்து வைத்த உங்கள் சட்டைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை. கைக்குழந்தை அளவு. கடைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"இது ஏதும்மா?" என்று கேட்டேன்.

"மீராவுக்கு ரெண்டு வாங்கினாரு. ஒண்ணு ஒங்கிட்ட குடுத்தாரு. இது சின்னதா பூடும்னு வெச்சுட்டாரு."

"எப்ப வாங்கினாரு?"

அம்மா சமையலறைக்குப் போனாள். பிறகு அங்கிருந்தே சொன்னாள்: "தை மாசம்."

நாம் பொங்கல் வைக்காத தை மாதம் அது. கடல் பொங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. தன் ஊரான பின்லாந்துக்குப் போய்விடலாம் என்று என் கணவர் யுஹானி என்னிடம் முதல்முதலாகச் சொன்னது மார்ச் மாதத்தில். அதற்கு இரண்டு மாதம் முன்பே, செங்கல்பட்டு வெயிலில், நீங்கள் கடைத்தெருவுக்குப் போய் என் குழந்தைக்குப் பின்லாந்துக் குளிருக்கு உடுப்பு எடுத்திருக்கிறீர்கள்.

உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

யுஹானியை நான் முதலில் கண்டது அலுவலக வேலையாக ஒரு வருடம் பின்லாந்தில் இருந்தபோது. கல்யாணத்துக்கு முதலில் ஆட்சேபித்தவர் நீங்கள்தான். "அணு ஆராய்ச்சில வேல செய்யறவன்மா நான். வெளிநாட்டு மாப்ளன்னா மேல எழுதிக் குடுக்கணும், பதில் சொல்லணும்" என்று நான்கு மாதம் முகம் கொடுக்காமல் இருந்தீர்கள். அப்புறம் நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். செங்கல்பட்டு பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் பெயரை முப்பது நாள் ஒட்டி வைத்திருந்தார்களே, அந்த முப்பது நாளும் வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய், யாராவது ஆட்சேபம் எழுதிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வந்தீர்கள். அந்த அப்பாவை எனக்குத் தெரியும். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சதுரங்கப்பட்டினத்தில் கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் நாங்கள் வாடகைக்குக் குடிவந்தோம். உங்கள் அலுவலகக் குடியிருப்புக்குள் வெளிநாட்டவரான யுஹானியை அழைத்துப் போக அனுமதி வாங்க வேண்டும். யாரிடமும் போய் நிற்க உங்களுக்கு இஷ்டமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்களே கேட்டைத் தாண்டி வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் அவரோடு உட்காருவீர்கள். அவர் தமிழ் கற்றது மீன் வாங்கப் போன இடத்தில். முதல்முறை உங்களைப் பார்த்து, "இன்னா மாமா, நாஸ்தா ஆச்சா?" என்று கேட்டபோது உங்களுக்கு டீ புரையேறியது. அன்றிலிருந்து அவர் உங்களுக்கு 'மாப்ள'. ஊருக்கு அவர் ஜானி. யுஹானி என்று ஒருவர் வாயிலும் நுழையவில்லை.

எங்கே வாழ்வது என்பதை நாங்கள் அந்த இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு முழுக்கப் பேசினோம். சண்டை போட்டுத்தான் பேசினோம். அவருடைய அம்மா தனியாகத் தம்பரே நகரத்தில் இருந்தார். அங்கே நல்ல பள்ளிக்கூடம், நல்ல வைத்தியம். இங்கே என் வேலை, என் மொழி, நீங்கள் இருவர். மீரா பிறந்த பிறகு ஒருநாள், அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அவர்தான் முடிவைச் சொன்னார்: "எங்கம்மாவுக்கு எங்கண்ணன் கீறாரு. ஒங்கப்பாவுக்கு நீ மட்டும்தான் கீற. இங்கயே இருந்துக்கலாம்."

நெம்மேலியில் ஒரு மனை பார்த்தோம். நீங்கள் வந்து கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்து, "உப்புக் கரிக்குது மாப்ள, வேற எடம் பாப்போம்" என்றீர்கள். நாம் இன்னும் நான்கு இடம் பார்த்தோம். நினைவிருக்கிறதா? அந்த முடிவு எங்களுடையது. அதை எடுக்க எங்களுக்குப் பத்து மாதம் பிடித்தது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. யுஹானி கரைக்குப் போயிருந்தார். நான் மீராவைக் குளிப்பாட்டத் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தேன். தெருவில் கூச்சல் கேட்டு வெளியே வந்தபோது முழங்கால் அளவு தண்ணீர், நிமிடத்தில் இடுப்பு. எதிர்வீட்டு மீன்கார அக்கா என் முடியைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்தார். "புள்ளய மேல தூக்குடி!" என்று அவர் கத்தியது இன்னும் காதில் கிடக்கிறது. யுஹானி ஒரு வேப்பமரத்தில் ஏறித் தப்பித்து, மத்தியானம் சேறும் ரத்தமுமாக வந்து சேர்ந்தார். நீங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டீர்கள். உங்கள் குடியிருப்பிலும் தண்ணீர் புகுந்திருந்தது. உங்களோடு இருபது வருடம் வேலை பார்த்தவரின் பேரனுடைய உடலை அன்று காலையில் நீங்கள்தான் தூக்கினீர்கள் என்பதை அம்மா பிற்பாடு சொன்னாள். என்னிடம் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மீராவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டவர் பொழுது சாயும்வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

எல்லோரும் நம் செங்கல்பட்டு வீட்டுக்கு வந்தோம். யுஹானி தினமும் சதுரங்கப்பட்டினம் போய்க் கஞ்சி ஊற்றினார், கிழிந்த வலைகளைப் பிரித்தார். இருபதாம் நாள் மீனவர்களோடு படகேறிக் கடலுக்குள்ளும் போய்வந்தார். அப்படிப்பட்டவர் மார்ச் மாதத்தில் ஒரு மாலை என் எதிரில் தரையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்குக் கடல் பயமா கீது. தூக்கம் வரல. ஊருக்குப் போலாம்."

நான் நம்பவில்லை. பிறகு நம்பினேன். வேறு என்ன செய்வது? ஒரு மாதம் கெஞ்சினேன், கடலைவிட்டுத் தள்ளி இதே ஊரில் இருக்கலாமே என்றேன். அவர் அசையவில்லை. உங்களிடம் ஓடிவந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நானும் சொல்லிப் பாத்துட்டேன்மா. கேக்க மாட்டேங்கறாரு. புருசன் பொண்டாட்டி நடுவுல நான் இன்னா பேசறது?"

விமான நிலையத்தில் எல்லோர் காதிலும் விழும்படி அவரிடம் சொன்னீர்கள்: "பொண்ணப் பிரிச்சு இட்டுகினு போறீங்க. நல்லா இருங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்காகப் பேச என் அப்பா ஒருவர்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். விமானத்தில் ஒன்பது மணி நேரம் நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வருடம். அங்கே குளிர்காலத்தில் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வேலை கிடைக்க எனக்கு இரண்டு வருடமாயிற்று. அந்த மொழி நாக்கில் ஒட்டவில்லை. பால் தீர்ந்துபோனாலும் பனி பெய்தாலும் சண்டை ஊரைவிட்டு வந்ததில்தான் போய் முடியும். "பயந்தாங்கொள்ளி" என்பேன். எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருமுறை மீரா, "அப்பாவுக்கு என்ன பயம்?" என்று கேட்டாள். அவர் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பயம்தான்" என்றார். என் பிள்ளை எதிரில், அப்பா.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்கள் தொலைபேசியில் கேட்பீர்கள்: "மாப்ள மனசு மாறினாரா?" நான் அழுவேன். நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள். ஏன் கேட்டீர்கள்? ஒவ்வொரு வாரமும் ஏன் கேட்டீர்கள்?

உங்களுக்கு மார்பு வலி வந்த செய்தியும் நீங்கள் போன செய்தியும் எனக்கு ஒரே நாளில் வந்தன. இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர முடிந்தது. பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தி முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அம்மாவின் அண்ணன், என் மாமா, யுஹானியைப் பார்த்து ஆரம்பித்தார்.

"இன்னா மாப்ள, கடலுக்குப் பயந்துகினு ஓடினீங்க. இப்பப் பாருங்க. கடைசியில ஒரு வாய் தண்ணி ஊத்தக்கூடப் பொண்ணு பக்கத்துல இல்ல."

யுஹானி வழக்கம்போலத் தலையைக் குனிந்தார். நான் பேசாமல் இருந்தேன். மாமா சொன்னது சரிதான் என்று என் மனசு சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அம்மாதான் எழுந்தாள். "போதும், நிறுத்துண்ணா" என்றாள். மாலை போட்டிருந்த உங்கள் படத்தைக் கை நீட்டிக் காட்டினாள். "போவச் சொன்னதே இவருதான். இந்தப் புள்ள மாட்டேன்னுதான் சொல்லிச்சு. கொழந்த தல மேல கைய வெக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாரு. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். இன்னும் எத்தினி நாளுக்கு இந்தப் புள்ள பேச்சு வாங்கும்?"

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். யுஹானி பின்னாலேயே வந்து மோட்டார் மேடைமீது உட்கார்ந்தார்.

"நெசமா?" என்றேன்.

"நெசம்தான். நீங்க கேட்டா அவ போவ மாட்டா, நான் கேட்டாலும் போவ மாட்டா, ஒங்களுக்குப் பயம்னு சொன்னாத்தான் போவான்னாரு."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா? எதையும் மறைக்க மாட்டேன்னு எனக்கும்தான வாக்குக் குடுத்த?"

"ரெண்டு வாக்கு. ஒண்ணத்தான் காப்பாத்த முடிஞ்சுது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு ஒங்கப்பா அழுதாரு. அவர் அழுது நான் பாத்ததே இல்ல. அதான்."

அவரையும் திட்டினேன். வாய் ஓயும்வரை திட்டிவிட்டு, அந்தப் 'பயந்தாங்கொள்ளி'க்காக மன்னிப்புக் கேட்டேன். ஒருமுறை கேட்டால் தீருகிற கணக்கா அது? "பழகிடுச்சு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே உங்களை உலுக்க வேண்டும்போல இருந்தது. நீங்கள் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

இப்போது கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறோம். இரண்டு வாரத்துக்கு முன் மூன்று பேரும் மாமல்லபுரம் போனோம். வழியெல்லாம் சிறுசேரி மென்பொருள் கம்பெனிகளுக்குப் போகும் வண்டிகள். அவற்றில் ஒன்றில் நான் இருந்திருக்க வேண்டியவள். கரையில் உட்கார்ந்து, நான்கு வருடத்துக்கு முன் எங்களிடமிருந்து நீங்கள் பிடுங்கிக்கொண்ட கேள்வியை நாங்கள் மறுபடி எடுத்தோம். எங்கே வாழ்வது?

யுஹானி, "நீ எங்க சொன்னாலும் சரி. நான் நெசமா இங்கதான் இருக்க ஆசப்பட்டேன்" என்றார். அந்த நேரம் பார்த்து, காலில் மணலைத் தட்டிக்கொண்டே மீரா கேட்டாள்: "நம்ம வீட்டுக்கு எப்போ போவோம்?"

செங்கல்பட்டு வீட்டைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் தம்பரேயைச் சொன்னாள். அங்கேதான் அவளுடைய பள்ளிக்கூடம், சைக்கிள், இரண்டு சிநேகிதிகள். கேள்வி எங்கள் கைக்குத் திரும்பி வந்தபோது அதன் விடை மாறிப் போயிருந்தது. மூன்று நாள் பேசினோம். அங்கேயே இருப்பது என்று முடிவாயிற்று. நீங்கள் விரும்பியதேதான். இதில் உங்களுக்குச் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

நீங்கள் அன்று என்னிடம் வந்து, எனக்குப் பயமாக இருக்கிறது, நீ போய்விடு என்று அழுதிருந்தால் நான் போயிருப்பேனோ என்னவோ. மறுத்துமிருப்பேன். எதைச் செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் முடியாது. என் புருஷனிடம் காட்டிய கண்ணீரை என்னிடம் காட்டியிருக்கலாம்.

இந்தக் கோபத்தை நான் கீழே வைக்கப் போவதில்லை. அது என்னோடு இருக்கட்டும். மீராவைப் பற்றி எது பேசினாலும் இப்போதெல்லாம் அவளை எதிரில் உட்கார வைத்துத்தான் பேசுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று உறவுகள் சிரிக்கின்றன. சிரிக்கட்டும்.

அம்மாவை எங்களோடு அழைத்துப் போவதா, இங்கேயே விடுவதா என்று மாமாவும் சித்தப்பாவும் அவளை வைத்துக்கொண்டே தங்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். நான் அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு அம்மாவைக் கேட்டேன்: "நீ எங்கம்மா இருக்க ஆசப்படற?"

அம்மா என்னை வினோதமாகப் பார்த்தாள். உங்களோடு வாழ்ந்த முப்பத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வி அவளிடம் வந்ததில்லை போலிருக்கிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன். அவசரப்படுத்தாத" என்றாள்.

எட்டு நாளாகிறது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நான் காத்துக்கொண்டிருக்கிறேன், அப்பா. நீங்கள் எனக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.