ஒன்பதுக்கு நாற்பத்தொன்று

ஜனவரி 19, 2025, ஞாயிறு

புதிதாகக் கட்டிய எஞ்சின் மூன்றாவது தடவையிலேயே பிடித்துக்கொண்டது. ஒன்பது மாதம் கழித்து. ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு பாக்யலட்சுமி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னா குணா, வண்டிக்கு உயிர் வந்துடுச்சா?" என்றார். வீட்டுக்குள் இருந்த என் கணவர் மனோகர் மட்டும் வெளியே வரவில்லை. டீவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அந்தப் பழைய காண்டஸா காரைப் பந்தயத்துக்காகக் கட்டியவள் நான். ஓட்டியவர் அவர். போன ஏப்ரலில் டிராக்கில் எஞ்சின் வெடித்ததிலிருந்து அவர் அதைத் தொடுவதில்லை. கம்பெனி கேப் ஓட்டுகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். நானும் ரயிலில் ஒயிட்ஃபீல்டு போகிறேன், பல்சக்கர ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பார்க்கிறேன், வருகிறேன்.

மார்ச் 16 அடுத்த பந்தயம். பின் ஆக்ஸிலுக்கு எந்தப் பல் போடுவது? மேஜைமேல் இரண்டு செட் இருக்கின்றன; சின்னச் சக்கரத்தில் எத்தனை பல், பெரியதில் எத்தனை பல் என்பதே அவற்றின் பெயர். ஒன்பதுக்கு நாற்பத்தொன்று: வளைவிலிருந்து வெளியே வரும்போது முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இழுக்கும், ஆனால் நேர்பாதையில் எஞ்சின் சீக்கிரம் திணறிவிடும். பதினொன்றுக்கு நாற்பத்துமூன்று: கிளம்புவதில் மந்தம், நேர்பாதையில் நிதானம்.

போன வருஷம் போட்டது ஒன்பதுக்கு நாற்பத்தொன்று. அதில் தப்பில்லை. தப்பு அவர் கையில்.

ஜனவரி 21

ரயிலில் உட்கார இடமில்லை. மாரிக்குப்பத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை நின்றுகொண்டே மனசுக்குள் பல் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 25, சனி

பரத் வந்தான். ராபர்ட்சன்பேட்டையில் அவர்களுக்கு டயர் கடை. இருபத்தாறு வயசு, நல்ல கை. மனோகர் ஓட்டமாட்டேன் என்று சொன்னதால் இவனைக் கேட்டிருந்தேன்.

"அக்கா, ஷார்ட்டாவே போடுங்க. போன வாட்டி போட்டதே. செமயா இழுக்கும். ஸ்ட்ரெயிட்ல பிரேக் போர்டு வரைக்கும் நான் காலையே எடுக்கமாட்டேன்."

திண்ணென்று சொன்னான். கணக்கை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

போகும்போது வாசலில் மனோகரைப் பார்த்து, "அண்ணா, டிப்ஸ் ஏதாச்சும்?" என்று கேட்டான். மனோகர் செருப்பை மாட்டிக்கொண்டே, "கணக்கு அவங்களுது. அவங்களையே கேளுப்பா" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனார்.

ஜனவரி 26, ஞாயிறு

முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் கணக்கைப் புதிதாகப் போடலாம் என்று டயரை அளந்தேன். டயரிலும் தரையிலும் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி, மறுபடி தரையில் கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே 170 சென்டிமீட்டர்.

பழைய நோட்டில் 192 என்று இருக்கிறது.

இரண்டு தடவை அளந்தேன். 170தான். நோட்டைப் புரட்டினேன். போன வருஷம் ஏப்ரல் 9, என் கையெழுத்து: "குட்டை டயர் வந்தது. மாத்தியாச்சு." ஏப்ரல் 14 பந்தயம். நடுவில் ஐந்து நாள். கணக்கைத் திருத்தவே இல்லை. உயரமான பழைய டயருக்குப் போட்ட கணக்கிலேயே விட்டிருக்கிறேன்.

மணிக்கு 140 போகும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 5,500 சுற்று என்று எழுதியிருக்கிறேன். அது 5,800 வரை தாங்கும். 170 வைத்துப் போட்டால் 6,250 வருகிறது.

ஃபேக்டரியில் முடியளவு பிசகினால் பல்லைத் தூக்கி ரிஜெக்ட் தொட்டியில் போடுகிறவள் நான்.

ஜனவரி 28

பந்தயத்தன்றைக்கு அவர் என்னிடம் சொன்னார். நினைவிருக்கிறது, எல்லாம் நினைவிருக்கிறது. பிராக்டிஸ் முடிந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: "முள்ளு ஆறாயிரம் தாண்டுது குணா. சத்தமும் சரியில்ல."

நான் என்ன சொன்னேன்? "அந்த மீட்டர் முள் எப்பவும் ஆடும். அதைப் பாக்காதீங்க. போர்டு வரைக்கும் காலை எடுக்காதீங்க. கணக்கு பொய் சொல்லாது."

எடுக்கவில்லை. என்னை நம்பி எடுக்கவில்லை. எஞ்சின் பக்கவாட்டில் உடைந்து எண்ணெய் கொட்டியது. வண்டியைப் புல்லில் நிறுத்தி பானெட்டைத் திறந்தபோது அவர் மணிக்கட்டு வெந்துபோனது. டிராக் மேனேஜர் டேவிட் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். பத்து பேர் சுற்றி நின்றார்கள். நான்தான் சொன்னேன்: "கியர நாலுல இருந்து மூணுன்னு நெனச்சு ரெண்டுக்கு இறக்கிட்டாரு."

பார்த்தேனா? இல்லை. நானூறு மீட்டர் தள்ளி நின்றிருந்தேன்.

"நான் கியர் மேல கையே வைக்கல" என்று மூன்று தடவை சொன்னார். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அந்த மே மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் டிராக்கில் புது ஆட்களுக்கு ஓட்டக் கற்றுத்தர அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்காக இரண்டு பேன்ட் தைத்துவைத்திருந்தார். எஞ்சின் வெடித்த பிறகு கூப்பிடவில்லை. கியரே தெரியாமல் போடுகிற ஆளை யார் கூப்பிடுவார்கள்?

பிப்ரவரி 2, ஞாயிறு

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

பதினொன்றுக்கு நாற்பத்துமூன்று போட்டுவிடலாம். கணக்குப்படி 140இல் 5,360தான். பரத்துக்கு ஆபத்தில்லை, எஞ்சினுக்கு ஆபத்தில்லை. ஏன் மாற்றினாய் என்று கேட்டால் "நேர்பாதை நீளம்" என்று சொல்லிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியவராது.

சரியான பல்லும் அதுதான். நான் ஒளிந்துகொள்ள இடமும் அதுதான். எதற்காகப் போடுகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலை முழுக்க ஆக்ஸிலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புதுப் பல்லில் நீல மை தடவி, உருட்டி, இரண்டு பல்லும் சரியாகப் பொருந்தி தடம் நடுவில் விழுகிறதா என்று பார்த்தேன். விழவில்லை. கழற்றினேன், ஷிம் தகட்டை மாற்றினேன். மறுபடி விழவில்லை. ஸ்பேனரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

சாப்பிடும்போது வாய்வரை வந்தது. "ஏங்க" என்றேன். நிமிர்ந்தார். "குழம்பு போதுமா?"

சே.

பிப்ரவரி 15, சனி

சொல்லிவிட்டேன். சொல்லும்படி ஆனது என்பதுதான் நிஜம்.

தண்ணி மோட்டாருக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் தேடி மனோகர் ஷெட்டுக்குள் வந்தார். பத்து மாதத்தில் முதல் தடவை. பெஞ்சின்மேல் கழற்றிப் போட்டிருந்த ஒன்பதுக்கு நாற்பத்தொன்றைப் பார்த்தார். ஆக்ஸிலைக் குனிந்து பார்த்தார்.

"பல்ல மாத்திட்டியா?"

"ம்."

"இன்னாத்துக்கு? அதான் கரெக்டுன்னு சொன்ன."

நேர்பாதை நீளம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் நோட்டை எடுத்து நீட்டினேன். 192ஐ அடித்து 170 என்று எழுதிய பக்கம். "டயர் மாத்தினோம் இல்ல... நான் கணக்க மாத்தல. முள்ளு பொய் சொல்லல. நீங்க சொன்னதுதாங்க சரி."

நோட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"எப்ப தெரியும்?"

"குடியரசு தினத்தன்னிக்கி."

"இருபது நாளாச்சு."

"ம்."

"இத எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது, குணா? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. டேவிட்டுகிட்ட சொன்ன இல்ல? பத்து பேர் முன்னாடி சொன்ன இல்ல? அங்க போய் சொல்லு."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மோட்டாரைச் சரிசெய்துவிட்டார். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

பிப்ரவரி 17

பேசவில்லை. டிபன் பாக்ஸை மட்டும் கழுவி வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 20

அதே.

பிப்ரவரி 23, ஞாயிறு

டிராக்குக்குத் தனியாகப் போனேன். பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருவார்கள் என்றுதான் இன்றைக்குப் போனேன். போனதும் எல்லோரும் இருக்கிறார்களே என்று திரும்பிவிடப் பார்த்தேன்.

டேவிட் டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டு பேர், பரத்தும். நின்றபடியே சொன்னேன். போன ஏப்ரலில் மனோகர் கியர் தப்பாகப் போடவில்லை, டயர் மாற்றியும் நான் கணக்கை மாற்றவில்லை, அவர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை, கியர் மாற்றியதை நான் பார்க்கவே இல்லை. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்ட வரிகள். நடுவில் யாரோ ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

டேவிட் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இத இப்ப வந்து சொல்றீங்களே மேடம்."

"அந்த சனிக்கிழமை கிளாஸ்..."

"அதுல வேற ஆள் இருக்காரு. நல்லா பண்றாரு. அவர எப்படி எடுக்கறது?"

அது நியாயம்தான். கிளாஸ் போனது போனதுதான்.

கேட் வரைக்கும் பரத் கூட வந்தான். "அப்ப நான் கேட்ட பல்ல நீங்க போட்டிருந்தீங்கன்னா, அக்கா?" என்றான். பதிலுக்கு நிற்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டில் வந்து, "சொல்லிட்டு வந்தேன்" என்றேன். "தெரியும். அங்கருந்து மூணு பேர் ஃபோன் பண்ணாங்க" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 2, ஞாயிறு

நான் ஆக்ஸிலுக்கு அடியில் படுத்திருந்தேன். அவருடைய கால் தெரிந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"பதினொன்னே இருக்கட்டும்" என்றார்.

வெளியே வரப் பயந்து அடியிலேயே கிடந்தேன்.

"மேட்டுல அடுத்தடுத்து ரெண்டு வளைவு வருது பாரு. ஒன்பதுல போனா, நடுவுலயே ரெண்டாவது கியர் தீந்துடும். வண்டி சாஞ்சினு இருக்கும்போதே மூணுக்குப் போவணும். வால் ஆடும். பதினொன்னுல அப்படியே ரெண்டுலயே வெளிய வந்துரலாம். ஒரு கியர் மிச்சம்."

இது என் நோட்டில் எங்கேயும் இல்லை. மூன்று வருஷமாக அந்த மேட்டில் ஏறியவர் அவர். ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

"ஏன் முன்னயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? பேப்பரத்தான குடுப்ப."

அவர் எழுந்துகொண்டே, "பரத்துக்கு ஃபோன் பண்ணி சொல்லிடு."

"இன்னான்னு?"

"வண்டிக்கு ஆள் இருக்குதுன்னு."

மார்ச் 3

பரத்துக்குக் கோபம். "கடைக்கு ஆளெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு அக்கா, இப்ப சொல்றீங்களே" என்றான். அவன் கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவார்கள்? மன்னிப்புக் கேட்டேன். இந்த வருஷம் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பல்லில் தடம் நடுவில் விழுந்தது. ஆக்ஸிலை மூடிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

பதினொரு வண்டியில் நான்காவது.

மேட்டு வளைவில் அவர் சொன்ன மாதிரியே ஆனது. மற்ற வண்டிகள் நடுவில் ஒரு கணம் இழுப்பு விட்டு மறுபடி பிடித்தன. எங்கள் வண்டி ஒரே மூச்சில் மேலே வந்தது. அங்கேதான் நேரம் எடுத்தார்.

அந்த நேரத்தை நேர்பாதையில் விட்டுவிட்டார். போர்டுக்கு ரொம்ப முன்னாலேயே காலை எடுத்தது சத்தத்தில் தெரிந்தது. கணக்குப்படி எஞ்சின் தாங்க இன்னும் நானூறு சுற்று பாக்கி. பக்கத்தில் நின்றவர், "இன்னா மேடம், பயந்துட்டாரா?" என்று கேட்டார். "அது அவரு இஷ்டம்" என்றேன்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவரே சொன்னார்: "இன்னும் அழுத்தியிருக்கலாம். மனசு வரல."

"பரவாயில்லங்க."

"பரவாயில்லன்னு நீ சொல்லாத." சுருக்கென்று வந்தது. கொஞ்சம் தள்ளிப் போய் நின்று தண்ணீர் குடித்தார். டேவிட் வந்து கைகொடுத்தார், இவரும் கொடுத்தார்.

இரவல் பிக்கப்பின் பின்னால் டிரெய்லரில் காரை ஏற்றிக்கட்டிக்கொண்டு கிளம்பினோம். பிக்கப் சாவியை என்னிடம் நீட்டினார். பங்காருபேட்டைக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஏதாவது பேசலாம் என்று திரும்பினேன். சீட்டில் சரிந்து, என் பக்கம் தலை சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

கேட் திறந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். குலுங்காமல் முதல் கியரைப் போட்டு மெதுவாக எடுத்தேன்.