ஏரி மதகில் இனி பஸ் நிற்காதாம்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது அக்கா. ஆரம்பாக்கம் பக்கம் வயலெல்லாம் தண்ணீர். நல்ல சேதியாக நாலு சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் வயிறு எரிகிறது. கம்பெனி பஸ் இனிமேல் ஏரி மதகுகிட்ட நிற்காதாம். எல்லாம் என் மேல் ஊருக்கே வந்த அக்கறையால்தான்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நீயும் நானும் பகல் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்று காருக்கு வயர் கட்டுவோம். மழை வந்தால் மட்டும் ஊருக்கு ஒரு ஸ்டாப் முன்னாடி மதகிலேயே இறங்கி, ஏரிக்கரை மேலே நடந்து வீட்டுக்குப் போவோம். “நனையறதுக்குன்னே எறங்குதுங்க பாரு” என்று டிரைவர் அண்ணன் திட்டிக்கொண்டே நிறுத்துவார். பஸ்ஸே சிரிக்கும்.

வயலில் வரிசையாக நிற்கும் கொக்குகளைக் காட்டி, “ஜெனரல் ஷிப்ட் வந்துட்ச்சு. ஒருத்தனாவது வேல செய்றானா பாரு” என்பாய். அந்தரத்தில் படபடவென்று சிறகடித்து ஒரே இடத்தில் நிற்கும் மீன்கொத்திதான் சூப்பர்வைசர். ஒரு நாள் ஒரு நண்டு விழுந்தடித்து ஓடியது. “பஸ்ஸ உட்டுட்டான், பாவம்” என்று அதற்கு வழி விட்டு ஒதுங்கினாய். நான் சிரித்த சிரிப்பில் என் செருப்பு சேற்றோடு போய்விட்டது.

“அங்க கம்பெனி டைம், ஊட்டுக்குப் போனா ஊட்டு டைம். நடுவுல இது ஒண்ணுதான்டி நம்மளுது” என்பாய். அப்புறம் கொஞ்ச தூரம் தண்ணீரைப் பார்த்தபடியே நடப்பாய். அந்த நேரத்தில் நீ என்ன நினைத்தாய் என்று நான் கேட்டதே இல்லை.

ஆடியில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்து வரவில்லை. உன்னை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குப் போனால், உன் இடத்தில் ஒரு புதுப் பெண் வயர் கட்டிக்கொண்டிருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் என்ன செய்யட்டும்?

போன வாரம் மழை வந்ததும் மதகில் தனியாக இறங்கினேன். கரையில் நின்று, தண்ணீரைப் பார்த்து உன்னோடு பேசினேன். சத்தமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. அந்த வழியாக வந்த பால்காரர் ஒருவர் மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாணாம்மா! இன்னா கஷ்டம்னாலும் பேசித் தீத்துக்கலாம்மா!”

“அண்ணே, நான் சும்மா நடக்கறேண்ணே.”

“மழைல எவம்மா சும்மா நடப்பான்?”

கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துக் கம்பெனிக்கு போன் போட்டார். கம்பெனி என் வீட்டுக்காரருக்கு போன் போட்டது. அவர் பாதித் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மறுநாள் ஆபீசில் டீ கொடுத்து உட்கார வைத்து, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தேன் ஒழுகக் கேட்டார்கள். டிரைவர் அண்ணனுக்கு உத்தரவு, என்னை வீட்டு ஸ்டாப்பைத் தவிர எங்கேயும் இறக்கக் கூடாது.

இரண்டு பேர் நனைந்தால் கிறுக்கு. ஒருத்தி நனைந்தால் தற்கொலையா? இது என்ன நியாயம் அக்கா? நீயாவது சொல்லேன்.

நேற்று சோவென்று மழை. பஸ் மதகைத் தாண்டிப் போனபோது ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவர்தான் பாவம், என்ன செய்வார்! வீட்டுக்கு வந்து டிபன் பாக்ஸை டமாரென்று வைத்தேன்.

“அப்டி இன்னாதான் கீது அந்த ஏரில? ஊரே கேக்குது, பேஜாரா போச்சு” என்றார் வீட்டுக்காரர்.

“அக்கா செத்துட்டாங்கன்னு எனக்கு அங்கதான் தெரியுது” என்றேன். “கம்பெனில நெனச்சா லீவுல கீற மாதிரியே கீது. இங்க அழுதா நீ பயப்படற. அங்க அழுதா டீ குடுக்கறாங்க. எனக்கு அழுவறதுக்கு ஒரு எடம் வாணாமா?”

சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. மாமியார் எழுந்து போய் டிவியை அணைத்தார்.

அக்கா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த மழைக்கு ஊரில் இறங்கி, வந்த வழியே ஏரிக்குத் திரும்பி நடப்பேன். யார் வண்டியை நிறுத்திக் கேட்டாலும் மழுப்ப மாட்டேன். “எங்க அக்கா செத்துட்டாங்க. அழுவப் போறேன், உடுங்க” என்பேன். சாகத்தான் போகிறேன் என்று நினைத்து ஓடி வந்தவர்கள், அழத்தான் போகிறேன் என்றால் வழி விட மாட்டார்களா?

கூடப் பிறக்காமல், கூட நனைந்த
உன் தங்கச்சி
கோமதி