நாலு விரற்கடை பின்னால்

என் அருமை மச்சான் அருளுக்கு,

உன் ஜீப் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பொழிச்சலூர் வீட்டு போர்ட்டிகோவில், நீ விட்டுப்போன அதே இடத்தில்தான் நிற்கிறது. உள்ளே மட்டும் எல்லாம் புதுசு. தரைத் தகடு, மேட், சீட், மேலே கேன்வாஸ், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர்கள் வரைக்கும். ஐந்து மாதம் பிடித்தது.

நல்ல செய்தி மட்டும்தான் என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். உன் வண்டியில் நான் ஒரு தவறு செய்தேன். அதனால், முப்பத்தெட்டு வருஷம் நீ யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை உன் மனைவியிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதை நீ விரும்பியிருப்பாயா என்று தெரியவில்லை.

நீ கண்ணை மூடிய வருஷமே மழை பலமாக வந்தது. ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் ஏறியபோது, மாடியில் குடியிருப்பவர்கள் என் தங்கை ஸ்டெல்லாவை நாற்காலியோடு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். ஜீப் யாருக்கும் நினைவில் இல்லை. நீ இருந்திருந்தால் வானம் கறுக்கும்போதே அதைப் பம்மல் மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பாய். இரண்டு நாள் தண்ணீர் சீட் மட்டத்துக்கு நின்றது. எஞ்சினை மெக்கானிக் ஒரு வாரத்தில் சரிசெய்துவிட்டார். உள்பக்கம் பூஞ்சை பூத்து, தேங்காய் நார் அழுகி, கிட்ட நிற்க முடியாத நாற்றம். அதை யாரும் தொடவில்லை. தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்தோம்.

உனக்குத் தெரியும், அவளுக்கு இடது முழங்கால் மடங்காது. எட்டு வயதில் கிணற்றடியில் விழுந்ததிலிருந்து அப்படித்தான். நீ இருந்தவரை அது ஒரு பிரச்சினை என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. ஜீப் படுத்ததும்தான் தெரிந்தது. கார்களில் அவளால் உட்கார முடியவில்லை. ஆட்டோவில் காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பம்மல் மெயின் ரோட்டில் ஒரு பைக் அந்தக் காலை உரசிக்கொண்டு போனது. அதோடு ஆட்டோவும் நின்றது. பல்லாவரம் கோயிலுக்கு ஞாயிறு பூசைக்குப் போவதும் நின்றது. ஃபாதர் நல்ல மனதோடு, நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருகிறேன் என்றார். அவர் போன பிறகு ஸ்டெல்லா என்னிடம், “நான் என்ன படுத்த படுக்கையாவா இருக்கேன்?” என்றாள். அப்புறம் தார்ப்பாய் பக்கம் திரும்பி, “அதை உட்கார்ற மாதிரி பண்ணிக் கொடு அண்ணா. எனக்கு வேற எதுவும் வேணாம்” என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். உட்காருகிற மாதிரி.

செய்தியாளனாக வேலை பார்த்தவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, குறிப்பெடுக்கத் தெரியும். தினமும் காலையில் சேலையூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிடுவேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு பேப்பர் கவரில் போட்டு, எந்த இடத்திலிருந்து வந்தது என்று மேலே எழுதினேன். துருப்பிடித்து வர மறுத்தவற்றுக்கு டீசலை ஊற்றிவிட்டு மறுநாள் வரை காத்திருந்தேன். மேட்டைத் தூக்கினால் தரைத் தகடு அப்பளம் போல் நொறுங்கியது. அதற்காகத்தான் அனகாபுத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாபுவைக் கூட்டிவந்தேன். ஐம்பது வயது மனிதர். வேலையைவிட வாய்தான் முன்னால் போகும். நான் உப்புத்தாளால் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், கொழந்தைக்கு முதுகு தேச்சி வுடறியா?” என்று கேட்டார்.

சீட்டுக்கு வந்தோம். ரெக்சினையும் நாரையும் உரித்ததும் டிரைவர் பக்கத்து இரும்புச் சட்டம் ஒழுங்காக இருந்தது. இடது பக்கத்துச் சட்டம் கோணல். தரையோடு அதைப் பிடித்திருந்த கால்கள் நாலு விரற்கடை பின்னால் தள்ளி நின்றன. சீட்டே கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. கால் வைக்கும் இடத்தில் ஒரு சாய்வான தகடு வேறு ஒட்டியிருந்தது.

பாபு குனிந்து பார்த்தார். “எவனோ கண்ண மூடிகினு வச்சிருக்கான் சார். கோணலா கீது பாரு. ஆனா வெல்டு மட்டும் சொக்கத் தங்கமா வச்சிருக்கான்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் நின்றிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு வைப்பவனுடைய வெல்டு எப்படிச் சுத்தமாக இருக்கும்? இப்படிப்பட்ட பொருந்தாத விஷயங்களைப் பிடித்துக்கொண்டுதான் காலமெல்லாம் செய்தி சேகரித்தேன். அன்றைக்குக் கோட்டைவிட்டேன். நீ இதை அரசு ஏலத்தில் எடுத்தாய் என்பது தெரியும். எந்தத் துறையின் கையிலோ எப்போதோ அடிபட்டு, யாரோ அவசரத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று நானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டேன்.

கட்டியதோடு நிற்கவும் இல்லை, சரிபார்த்தேன். அதுதான் வேடிக்கை. குரோம்பேட்டை குஷன் கடைக்காரர், கோவளத்தில் ஒரு படகுக்காரரிடம் இதே மாடல் இருக்கிறது, யாரும் கைவைக்காத வண்டி என்று சொன்னார். டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். படகுக்காரர் மீன் ஏலத்தை முடித்துவிட்டு வரும்வரை காத்திருந்து, அந்த ஜீப்பின் இடது சீட்டை மூன்று முறை அளந்தேன். “என்ன சார், மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்கவா?” என்றார். சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினேன். திரும்பி வந்து உன் வண்டியின் சட்டத்தை அந்த அளவுக்குப் பாபுவிடம் வெட்டி நேராக்கச் சொன்னேன். சாய்வுத் தகடும் போனது. வெட்டியவையெல்லாம் அன்றைக்கே பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்தன.

கோவளம் வரை போய்க் கேட்ட நான், பத்தடி தள்ளி சமையலறையில் இருந்தவளைக் கேட்கவில்லை மச்சான்.

வேலை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டெல்லா வெளியே வந்தாள். நீலப் புடவை, கையில் ஜெபமாலை. பாபுவும் பார்க்க வந்திருந்தார். அவள் வழக்கம்போல் ஜீப்புக்கு முதுகைக் காட்டி நின்று, சீட் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பினாள். திருப்ப முடியவில்லை. குதிகால் வாசல் தகட்டில் இடித்தது. இன்னும் பின்னால் நகர்ந்தாள், முதுகு சீட்டில் முட்டியது. மறுபடி இறங்கி, மறுபடி முயன்றாள். மூன்றாவது முறை என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். புடவையைச் சரிசெய்தாள்.

“வண்டி அழகா இருக்கு அண்ணா” என்றாள். “எப்பவும் உட்கார்ற மாதிரிதான் உட்கார்றேன். எனக்குத்தான் கால் இன்னும் மோசமாயிடுச்சு போல.”

உள்ளே போகும்போது திரும்பி, “வித்துடலாம்” என்றாள்.

பாபு என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடம் எல்லாம் விளங்கிவிட்டது.

அன்று முழுக்க யோசித்தேன். உங்கள் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு, கல்யாணத்துக்கு முன்பு, நீ ஏலத்தில் எடுத்த ஜீப்போடு மூன்று வாரம் சாயங்காலம் யார் கண்ணிலும் படாமல் போனாய். நீ வேலை பார்த்த கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த நாட்களில் ஒருமுறை தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்து, “உன் தங்கச்சி பஸ்ல காலை எப்படி வச்சு உட்காருவாங்க?” என்று கேட்டாய். கல்யாணத்துக்கு முன்பே காலைப் பற்றிக் கேட்கிறானே என்று எனக்குக் கோபம். வீட்டில்கூடச் சொல்லவில்லை. கேள்விக்கு மட்டும் முறைப்பாகப் பதில் சொன்னேன், கால் நேராக, குதிகால் சற்றுத் தூக்கலாக, உடம்பு கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி. நீ தலையாட்டிவிட்டுப் போய்விட்டாய். ஏன் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. அவளிடமும் ஏன் சொல்லவில்லை? தன் காலுக்காக ஒருவன் இரும்பை வெட்டினான் என்று அவள் கூச்சப்படுவாள் என்றா? சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை என்றா?

நான் பேசாமல் இருந்தால் உன் ரகசியம் உன்னோடு இருக்கும். அவள் தன் கால் மோசமாகிவிட்டதாக நம்பிக்கொண்டு அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பாள். இரண்டில் ஒன்று. மறுநாள் காலை போய்ச் சொல்லிவிட்டேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முழுக்கச் சொல்லும்வரை கை நிற்கவில்லை. கோவளம் போனது, அளந்தது, வெட்டியது, பஸ் ஸ்டாண்டில் நீ கேட்டது, எல்லாம். தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

“ஜீப்புன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றாள். “மத்த வண்டியில ஏற முடியாதப்பல்லாம், என்னடா வண்டி செய்றாங்க இவங்கன்னு திட்டியிருக்கேன்.”

பிறகு கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். “ஒரு தடவைகூட சொல்லலையே, அந்த மனுஷன். நான் அந்த சீட்டுல உட்கார்ந்துக்கிட்டே அவர்கூட எத்தனை சண்டை போட்டிருக்கேன்.” அவள் அழவில்லை. கோபம்தான். அந்தக் கோபம் யார்மேல் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அப்போ என் காலு அப்படியேதான் இருக்கு?” என்றாள். அப்படியேதான் இருக்கிறது என்றேன். “அந்த வெல்டிங்காரரை வரச் சொல்லு” என்றாள்.

பாபுவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். “அந்தக் கையி வச்ச வெல்டையா சார் நான் வெட்டிப் போட்டேன்? பேஜாராப் போச்சு” என்றார். மறுநாள் நான் வருவதற்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

உன் அளவுகள் எங்கேயும் இல்லை. எத்தனையோ கவர்களில் குறிப்பெழுதிய நான் அந்தச் சட்டத்தைக் குறிக்கவில்லை, தப்பான ஒன்றை எதற்குக் குறிக்க வேண்டும் என்று. நாலு விரற்கடை என்பதுகூடக் கண்ணளவுதான். அதனால் அவளை வைத்தே எடுத்தோம். சீட்டைக் கழற்றிவிட்டு, செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, அதில் அவளை உட்கார வைத்தோம். பாபு சாக்பீஸோடு தரையில் முட்டிபோட்டிருந்தார். ஸ்டெல்லா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது பேசிய அதே குரலில் உத்தரவு போட்டாள். இன்னும் ஒரு விரல் பின்னால். அவ்வளவு வேண்டாம். குதிகாலைத் தூக்கு. பாபு ஒரு கட்டத்தில், “அம்மா, இஞ்ச்ல சொல்லும்மா, விரல் ஆளுக்கு ஆளு மாறும்” என்றார். “என் விரலைத்தான் சொல்றேன், உன் விரல் எனக்கு எதுக்கு?” என்றாள். அப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள் சட்டம் நின்றது, சாய்வுத் தகடும் நின்றது. குஷன் கடைக்காரர் ரெக்சினைப் பிரித்து மறுபடி தைத்தார்.

உன்னுடையது போல் வரவில்லை. அதை மறைக்க மாட்டேன். “இது வேற மாதிரி இருக்கு. ஆனா உட்கார முடியுது” என்றுதான் அவளும் சொன்னாள்.

எல்லாம் முடிந்தது என்று நான் சாவியை எடுத்தபோது அவள் இறங்கி நின்று, முன்கண்ணாடிச் சட்டத்தின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டினாள். இங்கே ஒரு கைப்பிடி வேண்டும் என்றாள். முன்பு இருந்ததா, அதையும் வெட்டிவிட்டோமா என்று கேட்டேன்.

“இல்ல. முன்னாடி இருந்ததில்ல. ஏறும்போது அவர் கையைத்தான் பிடிச்சுப்பேன்.”

நான் இருக்கிறேனே, பிடித்துக்கொள் என்றேன். அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உன் கை வேணாம் அண்ணா. கம்பி வை.”

பாபு பட்டறைக்குப் போய் ஒரு முழத்துக்குக் கம்பி எடுத்து வந்து, வளைத்து, வெல்டு வைத்தார். ஆறியதும் தன் எடை முழுவதையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்தார். அவள் பார்க்காதபோது இன்னொரு முறையும் தொங்கினார்.

போன ஞாயிறு பூசைக்குப் போனோம். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் வண்டி ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. புடவை சரசரத்தது. குதிகால் தகட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

“போலாம்” என்றாள்.

மச்சான், இனி ஒவ்வொரு ஞாயிறும் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் ஏறும்போது கை நீட்ட மாட்டேன். அவளாகச் சொல்லும்வரை வண்டியைக் கிளப்பவும் மாட்டேன்.

ஸ்டெல்லாவின் அண்ணன்,
உன் மச்சான் தாமஸ்